கறுப்புப் பிரேம் போட்ட படம்

வத்தளையில் எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியவை இரண்டு சாமிப் படங்களும் செத்துப்போன பெரியப்பாவின் படமும்தான். பக்கத்து வீடுகளிலும் அப்படியே. அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தை மாட்டிய வீட்டை நான் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு அப்படி ஒரு படம் வேண்டியிருந்தது.

மருதானை நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கிடையே அது கிடைத்தது. ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதி. கறுத்த இளம்பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பச்சை மாங்காய். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவள் போல எங்கேயோ பார்க்கிறாள். கீழே வெள்ளைக் கரையில் வரைந்தவரின் பெயர் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா தூக்கிப் பார்த்தார். "சாமியுமில்ல, செத்தவங்களுமில்ல. யாரு புள்ள இவ?"

"யாருமில்லம்மா. படம்."

"யாருமில்லாதவளுக்குக் கண்ணாடி போடப் போறியா? நல்லாத்தான் படிச்சிருக்க."

போர்க்காலம். வேலைக்குப் போகும் வழியில் களனிப் பாலத்தில் இராணுவம் தினமும் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்ததால், நான் அப்போது வெள்ளவத்தையில் ஓர் அன்ரியின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். அங்கே பெருந்தெருவான காலி வீதிக் கடையில் பிரேம் போடச் சொன்ன விலைக்கு ஒரு சாரி வாங்கலாம். கொட்டாஞ்சேனையில் சாமிப் படங்களுக்குப் பிரேம் போடும் கடைக்குப் போனேன்.

"மர நிறம் விலை, தங்கச்சி. கறுப்பெண்டா மிச்சத் துண்டு நிறையக் கிடக்கு. மலிவாப் போட்டுத் தரலாம்" என்றார் கடைக்காரர்.

"ஏன் கறுப்பு மட்டும் அவ்வளவு மிச்சம்?"

"செத்தவங்களுக்குப் போடுறது. இந்த நாளையில அதுதானே ஓடுது." படத்தை அளந்தார். "கீழ இந்த வெள்ளைக் கரைய வெட்டினா துண்டு சரியாக் காணும்."

"அதில வரைஞ்சவர்ட பேர் இருக்கு."

"பேரையா தங்கச்சி பாத்துக்கொண்டு இருக்கப் போறீங்க?"

என் கையில் இருந்த காசுக்கு வேறு வழி இல்லை. பெயர் மரத்தூளுக்குள் விழுந்தது.

அறையில் மாட்டியபோது படம் நன்றாகவே இருந்தது. வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். என்னுடையது என்று சொல்ல அந்த வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது.

ஒரு காலையில் எங்கள் ஒழுங்கையை, அந்தச் சந்து முழுவதையும், சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், அலுமாரியைக் கவிழ்த்தார்கள். பிறகு ஒரு பொலிஸ்காரன் படத்தின் முன்னால் நின்றான்.

"மே கவுத?"

யார் இது என்று சிங்களத்தில் கேட்கிறான். ஓவியம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்ரி என் கையை நகம் பதியக் கிள்ளினார்.

"மகே துவ, மாத்தயா. லெட வெலா மளா." என்னுடைய மகள், நோய் வந்து செத்துப்போனாள்.

"அனே" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது. மற்ற அறைகளைத் தொடாமலே போனார்கள்.

அன்ரியின் ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். முந்தின ஞாயிறும் போனில் கதைத்தாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைய ஏன் சாகடிச்சனீங்கள், அன்ரி? அது ஓவியம் எண்டு நான் சொல்லியிருப்பன்."

"ஓவியமாம்! கறுத்த பெட்டை, கறுத்த பிரேம், ஒரு பேரும் இல்லை. இயக்கத்தில செத்த பெட்டை எண்டு உம்மை ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள். பேசாம இரும்."

அன்று பின்னேரமே படம் கூடத்துக்குப் போனது. மறுநாள் அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை வந்தது. கண்ணாடியில், அவள் நெற்றி இருக்கும் இடத்தில், சந்தனப் பொட்டு. அடுத்த முறை வந்தவர்களும் மாலையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு மனுசி என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: "பிள்ளை, இவவுக்கு ரெண்டு மகளே?" ஓம் என்றேன்.

அறை வாடகையைக் கூட்டியபோது வேறு இடம் பார்த்தேன். புறப்படும் நாளில் கூடத்துக்குப் போய் மாலையைக் கழற்றினேன்.

அன்ரி குசினியிலிருந்து ஓடி வந்தார். "என்ன செய்யிறீர்? அவங்கள் வந்து மகளின்ர படம் எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

"இது என்ர படம், அன்ரி."

"உமக்கு இது வெறும் படம் தானே பிள்ளை. எனக்கு இந்த வீட்டின்ர காவலெல்லே." மாலையை என் கையிலிருந்து வாங்கித் திரும்பப் போட்டு, நேராக்கினார். பிறகு பேர்சைத் திறந்தார். "பிரேமுக்கு எவ்வளவு குடுத்தனீர்? சொல்லும், தாறன்."

பிரேமின் விலையை மட்டும்தான் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கேற்றடியில் திரும்பிப் பார்த்தபோது, புதிதாகக் குழைத்த சந்தனத்தை அன்ரி கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார்.