வெங்காயம் நறுக்கியபோது போன கல்

வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகண நேரத்தில் வெளியே போகக்கூடாது, கத்தி, ஊசி தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். என் மாமியார் அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வானத்தில் போகிற கல்லுக்கும் அது பொருந்துமாம்.

எனக்கு அப்போது ஏழு மாதம். கண்டிக்குப் பக்கத்தில் கடுகண்ணாவையில் கணவர் வீட்டில் இருந்தேன். தற்காலிக விஞ்ஞான ஆசிரியையாக வருடக்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருந்த எனக்கு, நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை கண்டியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருந்தது. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று நடத்துகிறவர்களுக்கே தெரியாது.

புதன்கிழமை மாலை, மெல்பேர்னில் இருக்கும் நாத்தனார் மாமியாருக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். பஸ் அளவில் ஒரு கல் நாளைக்குக் காலை பதினொரு மணிக்குப் பூமிக்கு மிக அருகில் வருகிறது என்று மாமியார் வீடு முழுக்க அறிவித்தார். வானத்தை ஆராய்கிறவர்களுக்கு அருகில் என்றால் நிலாவுக்கும் அப்பால்கூட இருக்கலாம், இப்படிச் சின்னக் கற்கள் அடிக்கடி வந்து போகின்றன, சிலவற்றை அவை போன பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"போன பிறகுதான் கண்டுபிடிக்கிறாங்களா? அப்ப இன்னும் ஆபத்துல்ல!" என்றார். என் படிப்பு எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. "நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல நீ வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

கணவரைப் பார்த்தேன். பட்டதாரி, வங்கியில் வேலை. கல்லைப் பற்றி அவருக்குத் துளியும் பயமில்லை, பயமெல்லாம் அம்மாவிடம்தான். "நீ படிச்சவதானே, நீயே விட்டுக்குடு. இன்டர்வியூ இன்னொரு நாள் வரும்," என்றார். படித்த மருமகளுக்கு எங்கள் ஊரில் விட்டுக்கொடுக்கிற வேலை மட்டும் உடனே நிரந்தரமாகிவிடும், நேர்முகப் பரீட்சையே கிடையாது. இரவு முழுக்கக் கெஞ்சினேன். அவர் வேலைக்குப் போகலாம், மாமியார் கோயிலுக்குப் போகலாம். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் கல்லுக்கு என் வயிற்றின் விலாசம் மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

மறுநாள் இருட்டோடு மாமியார் எழுப்பினார். "ஒன்பது மணிக்குள்ள அடுப்படி வேலையெல்லாம் முடிச்சிரு. ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் அரைக்கணும், வெங்காயத்த நறுக்கு." பின்வாசல் படியில் வெட்டவெளியில் உட்கார்ந்து நறுக்கினேன். அழுதேன். வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது. உண்மையில் ஆத்திரம்.

சாப்பிட்டு முடித்ததும் மாமியார் ஒரு கதிரையை இழுத்து முன்வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குக் கேட்கட்டும் என்று மகளின் குரல் பதிவைச் சத்தமாகப் போட்டார். அதை நான் நேராகக் கேட்டது அப்போதுதான். "இங்க எங்க நேரத்துக்குப் பதினொரு மணிக்கும்மா. அப்ப நான் வேலையில இருப்பேன், பயமா இருக்கு."

அந்த வீட்டில் மெல்பேர்னுக்கு யாரும் நேரக் கணக்குப் பார்க்காமல் போன் கோல் எடுத்ததில்லை. "இப்ப அங்க தூங்கியிருப்பா", "இப்பதான் வேல விட்டு வந்திருப்பா" என்று விரல் மடக்கிப் பார்த்துத்தான் மாமியார் போனையே தொடுவார். மகளுக்கு இருந்த நேர வித்தியாசம் கல்லுக்கு இல்லாமல் போய்விட்டது.

"அத்தை, அங்க பதினொன்னுன்னா இங்க என்ன நேரம்?" என்று கேட்டேன்.

பழக்க தோஷத்தில் விரல்கள் மடங்கின. "விடியக்காலம் அஞ்சரை..." என்றவர் மடக்கிய விரல்களையே பார்த்தார்.

"அப்ப நான் வெளிய உக்காந்து வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன். நீங்கதான் நறுக்கச் சொன்னீங்க."

அவர் பார்வை என் வயிற்றில் விழுந்தது. பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நல்ல ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட திருப்தி அப்போதுதான் வந்தது.

காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த கணவர் முகம் மலர நிமிர்ந்தார். "அப்ப கல்லு போயிருச்சா? சரி சரி, நீ போயிட்டு வா!" என்றார். அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பி, கதிரையையும் அவரே நகர்த்திவைத்தார். நான் சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு கண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஏழு மாத வயிற்றோடு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

வேலை கிடைத்தது. மகளும் ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். இப்போதும் சொந்தக்காரர்கள் கூடினால், பிள்ளைத்தாய்ச்சியாக இன்டர்வியூவுக்குப் போன கதை வந்துவிடும். கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் அனுப்பி வெச்சேன்," என்பார்.

"நீங்க இல்லீங்க. கல்லுதான் அனுப்பிச்சது," என்பேன்.

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.