மூணு ஓலையும் வாசிக்கணும்

எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசிப்பவள் நான்தான். இந்த வாரம் கோவில் கூட்ட எந்தத் தெருவின் முறை, மறைக்கல்வி வகுப்பு எத்தனை மணிக்கு, பெஞ்சில் கிடந்த குடை யாருடையது, யார் வீட்டில் இழவு, எல்லாம் என் வாயால்தான் வரும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் வாசிப்பதெல்லாம் ஆறிப்போன செய்தி. சுடச்சுட வேண்டுமென்றால் கோவிலுக்கு எதிரே இருக்கும் என் அண்ணியின் சலவைக் கடைக்குப் போக வேண்டும். எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்பதை வருகிற போர்வையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். வெளியே மட்டும் சொல்ல மாட்டாள். கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது வருகிறவர்கள்தான்.

கோவிலின் பீடத் துணிகளும் சாமியாரின் வெள்ளை அங்கிகளும் அவளிடம்தான் வெளுக்க வரும். அதற்குக் கூலி வாங்க மாட்டாள், பதிலுக்கு வாயால் வசூலித்துவிடுவாள். "மெழுகுவர்த்தியை ஏத்துறீங்களா, இல்ல துணியில ஊத்துறீங்களா ஃபாதர்? இந்தக் கறையை எடுக்குறதுக்குள்ள எனக்கு மோட்சமே கிடைச்சிடும்போல இருக்கு" என்பாள். எங்கள் சாமியார் வயதில் சின்னவர். மறைமாவட்டத்துக்கே பெரியவரான மேற்றிராணியாருக்குப் பயப்படுவாரோ இல்லையோ, என் அண்ணிக்குப் பயப்படுவார்.

என் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது அவன் மகன் பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றிலிருந்து அந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கைதான் அவனைப் படிக்கவைத்தது, காப்பீட்டு ஆபீசில் வேலைக்கு அனுப்பியது, கல்யாணமும் பண்ணிவைத்தது. இப்போது அவன் மனைவியோடு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். அண்ணி கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள்.

அப்போதுதான் மைக்காரர் விஷயம் வந்தது. கோவிலில் ஒலிபெருக்கி பார்ப்பவர் அவர். "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்ப்பதைத் தவிர மனுஷன் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. என் அண்ணனின் சிநேகிதர், அண்ணன் மகனுக்கு ஞானத்தகப்பன். அவர் மனைவி நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளுடைய விரிப்புகளை முகம் சுளிக்காமல் வெளுத்துக் கொடுத்தவள் அண்ணி. அந்த அம்மாள் போன பிறகு விரிப்புக்கு வேலை இல்லாமல் போனது. ஆனாலும் மைக்காரர் கடைக்கு வருவதை விடவில்லை. தேய்த்த சட்டையையே திரும்பத் தேய்க்கக் கொண்டுவந்தார். அண்ணியும் வாயை மூடிக்கொண்டு அதைத் திரும்பத் தேய்த்தாள். எனக்கு அதைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. கொஞ்ச நாளில் அவர்களே கல்யாணம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பங்கில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று. அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். வேண்டாமென்றால் மேற்றிராணியாரிடம் விலக்கு வாங்கி, வாசிக்காமலே கல்யாணத்தை முடித்துவிடலாம். அண்ணன் மகன் அதைத்தான் கேட்டான். கடைக்கு வந்து நின்றுகொண்டே பேசினான்.

"ஊரு சிரிக்கும்மா. விலக்கு வாங்கிட்டு, வேற எங்கயாவது ஒரு கோயில்ல காலங்காத்தால முடிச்சுக்க. அவரு என்னைக் கையில ஏந்தி ஞானஸ்நானம் குடுக்க வச்சவரு. யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"எங்கம்மாவைக் கட்டிக்கிட்டவருன்னு சொல்லு. அவசர அவசரமா முடிக்கிறதுக்கு நான் என்ன மாசமாவா இருக்கேன்?" என்றாள் அண்ணி. "ஒளிஞ்சு பண்ணினா ஒளிஞ்சு பண்ண வேண்டிய காரியம்னு ஆயிடும். மூணு ஓலையும் வாசிக்கணும். நம்ம கோயில்லயே வாசிக்கணும்."

"வாசிச்சா நான் உனக்குப் பிள்ளை இல்லை."

சொல்லிவிட்டுப் போய்விட்டான், பாவி.  அண்ணியின் இஸ்திரிப் பெட்டி பீடத் துணியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கருகின வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். அவள் கையால் ஒரு துணி கருகி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணி, வேணும்னா விலக்கே வாங்கிக்கலாமே" என்றேன் மெதுவாக.

"உனக்கு வாசிக்க வாய் வரலைன்னா சொல்லு, நானே ஏறி வாசிக்கிறேன்" என்றாள்.

முதல் ஓலையை வாசித்தேன். கோவிலில் ஒரு குழந்தை அழுவது நின்றுபோனதுகூடக் கேட்டது. அண்ணி முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை. பூசை முடிந்ததுதான் தாமதம், கோவில் மாதர் சங்கத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உன் கூடப்பிறந்தவன் இருந்த இடத்துல இன்னொருத்தன். அதை நீயே வாசிக்கிறியே, நாக்கு கூசலையா?"

"கூசலைம்மா. அவன் செத்துப்போனதையும் இதே மைக்குல நான்தான் வாசிச்சேன். அன்னிக்கு அண்ணி தனியா என்ன பண்ணுவான்னு கேக்க யாருக்கும் நாக்கு எழும்பலை" என்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அத்தோடு விட்டதே பெரிது.

அந்த வாரம் முழுக்கச் சாமியார் வீட்டு வாசலில் தடை சொல்ல வந்தவர்கள் கூட்டம். எங்கள் ஆட்களுக்குத் தடை கேட்கிறார்கள் என்றாலே ஆளுக்கொன்று சொல்லியாக வேண்டும் என்று நினைப்பு. ஒருத்தி, அண்ணிக்கு முழங்கால் வலி இருக்கிறது, பீடத்தில் முட்டி போட முடியாது என்றாள். இன்னொருவர், மைக்காரர் வேலையை விட்டுவிட்டால் திருநாள் நேரத்தில் ஒலிபெருக்கிக்கு எங்கே போவது என்று கேட்டாராம். கிழவர் ஒருவர் மட்டும் விஷயத்தோடு வந்தார். பிள்ளையின் ஞானத்தகப்பனும் பிள்ளையின் தாயும் உடன்பிறப்பு மாதிரி, கட்டவே கூடாது, அந்தக் காலத்துச் சாமியார் சொல்லியிருக்கிறார் என்றார். அதையே அண்ணன் மகனும் போய்ச் சொல்லியிருக்கிறான்.

சாமியார் கடைக்கே வந்துவிட்டார். "பழைய காலத்துல அப்படி ஒரு தடை இருந்தது. சபை அதை எப்பவோ எடுத்துடுச்சு. சட்டப்படி ஒண்ணும் கிடையாதும்மா. ஆனா உங்க பையன் என் முன்னாடி அழுதுட்டான். மீதி ரெண்டு ஓலைக்கு விலக்கு எழுதிடட்டுமா?"

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அழுகை வருது ஃபாதர். அழுதுட்டே வாசிக்கலாமே?"

இரண்டாம் ஓலையன்று நடந்த கூத்தை என்ன சொல்ல. குடை பற்றி வாசித்தேன், கேட்டது. கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது பற்றி வாசித்தேன், கேட்டது. திருமண அறிவிப்பு என்று தொடங்கினேன், மைக் செத்துப்போனது. நான் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன், முன் வரிசைக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. அடுத்த அறிவிப்புக்கு உயிர் வந்துவிட்டது. பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த மைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

அண்ணி நேராக அவரிடம் போனாள். கோவிலை விட்டு யாரும் நகரவில்லை, வேடிக்கை பார்க்கக் காசா பணமா.

"நீங்கதானே அமுக்குனீங்க?"

"பையன் பின்னால நின்னுட்டிருந்தான்" என்றார் அவர். அத்தனை நீளமாக அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "அவன் மூஞ்சிய என்னால பார்க்க முடியலை."

"ஊரு அமுக்குறது போதாதுன்னு நீங்களுமா? என்னைக் கட்டிக்க வெக்கமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் கடையைத் திறக்கணும்."

"வெக்கம் இல்லை. பயம்."

"பயம் எனக்கும்தான் இருக்கு. அதுக்காக வாயைப் பொத்திக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் பீடத்துப் பக்கம் திரும்பினாள். "ஃபாதர், இது கணக்குல வராது. யாருக்கும் கேட்கலை. அடுத்த வாரம் ரெண்டாவது ஓலை. அதுக்கு அடுத்த வாரம் மூணாவது."

சாமியார் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்?

அடுத்த ஞாயிறு நான் மைக்கை அணைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெண்கலத் தொண்டை, அண்ணனுக்கும் அப்படித்தான். அடிவயிற்றிலிருந்து வாசித்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். மூன்றாவது ஓலைக்கு மைக்காரரே எழுந்து வந்து மைக்கை என் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார்.  அண்ணன் மகன் அன்று கோவிலுக்கே வரவில்லை.

கல்யாணம் சனிக்கிழமை காலை. சிரிக்க வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், சாப்பிட வந்தவர்கள் என்று கோவில் நிரம்பி வழிந்தது. அண்ணி நீலப் பட்டு உடுத்தியிருந்தாள். இன்பத்திலும் துன்பத்திலும் பிரியமாட்டேன் என்று வார்த்தைப்பாடு கொடுக்கும்போது குரல் பிசிறவில்லை. ஆனால் கோவில் கதவு கிரீச்சிடும்போதெல்லாம் அவள் கழுத்து திரும்பியது. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ. 

பந்தி நடக்கும்போது மருமகள் மட்டும் தனியாக வந்தாள். அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அவரு எழுந்திரிக்கவே இல்லை அத்தை. சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காரு. நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலை. கூப்பிட்டா கோவிச்சுக்குறாரு."

அண்ணி இலைகளுக்கு நடுவே நின்று யோசித்தாள். பிறகு நேராகச் சமையல்கட்டுக்குப் போய், டிபன் கேரியர் ஒன்றை எடுத்துச் சோறும் கறியும் அடைத்தாள். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. அதைக் கழற்றப் போனவள் கழற்றவில்லை.

"கிளம்புங்க" என்றாள் மைக்காரரிடம்.

"இன்னிக்கேவா? நான் வந்தா அவன் இன்னும்..."

"நான் தனியாப் போனா அம்மாவா மட்டும் போவேன். அது நேத்து வரைக்கும் சரி. இன்னிக்கு ரெண்டு பேராத்தான் போகணும். துரத்தினா ரெண்டு பேரும் திரும்பி வருவோம். நாளைக்கு மறுபடி போவோம்."

நானும் பின்னாலேயே போனேன், என்னை யார் தடுப்பது? மாலையும் கழுத்துமாக அவர்கள் இரண்டு தெருவைக் கடந்தார்கள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அண்ணி யாரையும் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த கேரியரை மைக்காரர் பாதி வழியில் வாங்கிக்கொண்டார்.

கதவைத் தட்டினாள்.  மறுபடி தட்டினாள். "சோறு கொண்டாந்திருக்கேன்" என்றாள். ரொம்ப நேரம் நின்றோம். எனக்கே கால் கடுத்தது. மைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார், அண்ணி அவர் முழங்கையைப் பிடித்து அங்கேயே நிறுத்தினாள்.

தாழ்ப்பாள் விலகியது. கசங்கின சட்டையோடு, வீங்கின கண்ணோடு அவன் நின்றான். முதலில் அம்மாவின் மாலையைப் பார்த்தான், அப்புறம் அவர் மாலையைப் பார்த்தான். அண்ணி வழி கேட்டுக் கெஞ்சவில்லை, அவனைத் தள்ளிக்கொண்டும் போகவில்லை. நின்றாள். அவன் வாசலை அடைத்துக்கொண்டிருந்த தோளைச் சற்றே ஒதுக்கினான். அவள் உள்ளே போனாள்.

மைக்காரர் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, வரலாமா கூடாதா என்று தெரியாமல் கேரியரோடு அங்கேயே நின்றார்.

அவன் தரையைப் பார்த்தபடி, "செருப்பை எடுத்து உள்ள விடுங்க. தெரு நாய் கவ்விட்டுப் போயிடும்" என்றான்.