மனு அக்காவும் ஒரு காலிக் கட்டமும்

மனு அக்கா அழைப்புமணியை விரலால் அழுத்துவதில்லை. பேனா மூடியின் நுனியால் ஒரே ஒரு அழுத்து, அவ்வளவுதான். பிறகு உதடு மட்டும் அசைய இருபது வரை எண்ணுவார். கதவு திறக்கவில்லையா, அடுத்த வீடு. இன்னொரு தரம் அழுத்தவே மாட்டார். "கையெழுத்து கேட்டு வந்தவ, கதவை உடைக்க வந்தவ மாதிரி நிக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் அந்தச் சட்டம் தெரியும். ஆனால் பொறுமை இருக்காது. பதினெட்டிலேயே அக்கா போய்விட்டார் என்று நினைத்துக் கதவைத் திறப்பார்கள். எதிரே அட்டையும் பேனாவுமாக அக்கா நிற்பார்.

நாற்பத்தெட்டு வயது. தெருமுனையில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை ஸ்டேப்ளர் பின்தான் தாங்குகிறது. பத்து விரலிலும் கறுப்பு மை. மேலுதட்டைச் சொறிந்தால் மீசை வந்துவிடும். யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் முழுக்க அந்த மீசையோடு அக்கா நகல் எடுத்துக் கொடுத்ததைத் தெருவே வரிசையில் நின்று ரசித்திருக்கிறது.

அவர் வாங்கித் தந்ததெல்லாம் தெருவில் கண்முன்னே கிடக்கிறது. வளைவில் எரியும் விளக்கு அவர் மனு. வேகத்தடை அவர் மனு. அது கேட்டதைவிடக் கொஞ்சம் அதிக உயரமாகவே வந்து சேர்ந்ததால் ஒவ்வொரு காரும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும். நிறுத்தத்திலிருக்கும் நீளமான பெஞ்சும் அவர் மனுதான்.

படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க மாட்டார். "படிச்ச மாதிரி வச்சுக்கோங்கக்கா, எங்க போடணும்?" என்று அவசரப்படுகிறவர்களிடம், "நீ படிச்ச மாதிரி வச்சுக்கிட்டா, அவன் குடுத்த மாதிரி வச்சுக்குவான். நில்லு" என்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே குரல். கணவரிடம் தேநீர் ஆறுகிறது என்று சொல்வதும் அதே குரலில்தான்.

எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. பெயர், கையெழுத்து, வீட்டு எண். அவருடைய முதல் மனுவில் யாரோ ஒருவர் வீட்டு எண் எழுத மறந்துவிட்டார். மனு மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. தெரு இன்னும் ஆறு மாதம் இருட்டில் தடுக்கி விழுந்தது. அன்றிலிருந்து ஒரு கட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் அக்காவுக்குப் பல்லில் எதுவோ சிக்கிய மாதிரி இருக்கும்.

தெரு நடுவில் கீழ்த்தளமும் மாடியுமாக நிற்கிற கட்டடத்தைச் சின்னாஸ்பத்திரி என்பார்கள். பூட்டி ஒன்பது வருடம் ஆகிறது. அக்காவின் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை, காலில் ஆறாத புண். வாரம் இரண்டு முறை கட்டு மாற்ற இரண்டு பேருந்து மாறிப் போகிறார். போகும்போதும் வரும்போதும் ஓட்டுநர்களின் பிரேக்கைத் திட்டுகிறார். சின்னாஸ்பத்திரியைத் திறக்கச் சொல்லி அக்கா ஆறு மனு கொடுத்தார். ஆறுக்கும் ஒரே பதில்: கட்டடம் பழுது.

ஏழாவது மனுவுக்கு அக்கா நகராட்சியில் சாவி வாங்கி, ஒரு கொத்தனாரை அழைத்துப்போய்ச் சுவரெல்லாம் தட்டிப் பார்க்க வைத்தார். கூரை ஒழுகவில்லை, மாடிப்படி உறுதி, குழாயில் தண்ணீர் வருகிறது, சன்னல்கள் பன்னிரண்டும் மூடித் திறக்கின்றன என்று வரிவரியாக எழுதி நீட்டினார். மூன்று மாதம் கழித்து வாசலில் பலகை தொங்கியது. பகுதி மக்கள் அளித்த மனுவின் மூலம் கட்டடம் உறுதியாக இருப்பது தெரியவந்ததால், இங்கே வீடற்றோருக்கு நாற்பது படுக்கைகளுடன் இரவுத் தங்குமிடம் அமைக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரலாம்.

"ஒன்பது வருஷத்துல முதல் தடவையா உன் மனுவை ஒருத்தன் முழுசாப் படிச்சிருக்கான், தாயே!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சர்க்கரை நோயாளியின் தேநீரில் எதைக் குறைப்பது? அக்கா தேநீரையே குறைத்துவிட்டார்.

எட்டாவது மனு ஆட்சேப மனு. "எங்களுக்குன்னா பழுது, வேற யாருக்கோன்னா உறுதியா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் தெருவுக்கு அந்த நியாயம் தேவைப்படவில்லை. அதனிடம் வேறு நியாயங்கள் கைவசம் இருந்தன. மணியைத் தொடுவதற்கு முன்பே கதவுகள் திறந்தன. தொட்ட வீடுகளிலும் எண்ணிக்கை இரண்டைத் தாண்டவில்லை. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், தெரு இன்னும் மேனேஜர் சார் என்று கூப்பிடுகிறவர், இதுவரை ஒரு மனுவுக்கும் கதவைத் திறக்காதவர், நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்தார். மனுவைக் கையில் வாங்கித் 'திருடர்கள்' என்று ஒரு சொல்லும், 'சமூக விரோதிகள்' என்று ஒரு சொல்லும் ஓரத்தில் சேர்த்தார்.

அக்கா இரண்டையும் அடித்தார். "நான் கேக்கறது ஆஸ்பத்திரி சார். போலீஸ் ஸ்டேஷன் இல்ல."

"கொஞ்சம் காரம் சேத்தாத்தான் மேடம் எடுபடும்."

"காரத்தை உங்க சமையல்ல போட்டுக்கோங்க."

நான்கே நாளில் நூற்று எண்பத்தேழு கையெழுத்து. அன்று கணவரின் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டே அக்கா சொன்னார்: "ஆஸ்பத்திரி வேணும்னு அறுபத்து மூணு பேர். ஆளுங்க வேணாம்னு நூத்தி எண்பத்தேழு." கணவர் சிரிக்கவில்லை. அதுதான் அக்காவுக்கு உறுத்தியது.

கடைசி நாளுக்கு முதல் நாள் மதியம் அட்டைக்காரர் கடைக்கு வந்தார். காகிதம் வரும் காலி அட்டைப்பெட்டிகளை வாரம் ஒருமுறை அக்கா அவருக்காக எடுத்துவைப்பார். கிழிக்காமல், மடிப்பு பார்த்துப் பிரித்து, இஸ்திரி போட்டது போல அடுக்குவார் அவர். அந்த அட்டைகளின்மேல், அந்த நீளப் பெஞ்சில்தான் அவர் தூக்கம். காலையில் குழாயடியில் முகம் மழித்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் காலை அகட்டி உட்கார்ந்துகொள்வார். அக்காவின் கணவர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் எழுந்து அந்த இடத்தைக் கொடுப்பார். பேருந்து வரும்வரை இருவரும் பிரேக்குகளைப் பற்றிப் பேசுவார்கள்.

"என்னம்மா, தெருவுல எல்லார்கிட்டயும் வாங்கிட்டீங்களாமே. என்கிட்ட கேக்கவே இல்லியே?"

அக்கா ஸ்டேப்ளரை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார். "இது... உங்களுக்கு எதுக்குண்ணே?"

"பதினோரு வருஷமா இந்தத் தெருவுலதானே இருக்கேன். அந்தப் பெஞ்சு வர்றதுக்கு முன்னாடியே வந்தவன் நான்."

"படிச்சுக் காட்டணும்ணே."

"படிங்க."

சட்டம் சட்டம்தான். அக்கா படித்தார். 'வீடற்றோர்' என்ற இடத்தில் இருமினார். அட்டைக்காரர் மேசையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை நகர்த்தி வைத்தார். "குடிச்சுட்டுப் படிங்கம்மா, அவசரமில்ல." கடைசி வரி வரை தலையாட்டிக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஐயா கால் விஷயத்தை ஏன் எழுதல?"

"அது வீட்டு விஷயம்ணே."

"அதுதாம்மா விஷயம். மத்ததெல்லாம் சும்மா."

"அண்ணே, அது திறந்தா உங்களுக்கு ஒரு படுக்கை கிடைக்கும்."

"கிடைக்கும். ஆனா ஐயாவுக்குக் கால் இருக்கணுமில்ல? எனக்குப் பெஞ்சு இருக்கு."

"மழை வந்தா?"

"மழைக்கு உங்க கடை ஷட்டர் இருக்கே" என்று சிரித்தபடி பேனாவை வாங்கினார். பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். கையெழுத்தும் போட்டார். மூன்றாவது கட்டத்தின்மேல் பேனா அந்தரத்தில் நின்றது. பெஞ்சைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "இதுல என்னம்மா எழுதட்டும்?"

"விடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

அவர் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அக்கா அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே கடையைச் சாத்தும் நேரம்வரை உட்கார்ந்திருந்தார். நகல் எடுக்க வந்த இரண்டு பேருக்கு ஒரே பக்கத்தை இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்கு மேனேஜர் சார் தலைமையில் பத்துப் பேர் உடன் வந்தார்கள். கவுண்டரில் இருந்த எழுத்தர் தாள்களைப் புரட்டி, கடைசித் தாளில் விரலை வைத்தார். "வீட்டு எண் காலியா இருக்கு. அந்த வரியை அடிச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன்."

மேனேஜர் சார் எட்டிப் பார்த்தார். "யாரு இது? ஓ, பெஞ்சுல படுக்கறவனா? அவன் கையெழுத்தெல்லாம் எதுக்கு மேடம்? ஒரு கோடு போடுங்க, முடிஞ்சுது."

அக்கா பேனா மூடியைக் கழற்றினார். பேனாவைத் தாள்மேல் வைக்கவில்லை. உதடு அசைந்தது. உடன் வந்தவர்கள் அவர் ஏதோ வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்திருக்கலாம். எண்ணிக்கொண்டிருந்தார். இருபது முடிந்ததும் மூடியை மாட்டினார். கவுண்டருக்குள் கையை விட்டு மனுக்கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இது சரியா வரல சார். மாத்தி எழுதணும்."

"இன்னைக்குத்தான் கடைசி நாள்!" மேனேஜர் சார் கட்டின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். ரப்பர் பேண்டு அக்கா பக்கம் இருந்தது. அது அறுந்து சாரின் மூக்கில் பட்டதே தவிர, தாள் ஒன்றும் அவர் கைக்குப் போகவில்லை.

"தெரியும் சார்."

"தெருவையே கவுத்துட்டீங்க! இனி உங்களுக்கு எவன் கதவைத் திறக்கறான்னு பாக்கறேன்."

அக்கா ரப்பர் பேண்டைக் குனிந்து எடுத்து முடிச்சுப் போட்டு மறுபடியும் கட்டில் மாட்டினார். பேருந்தில் வரும்போதே அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பதாவது மனு இரண்டே பத்தி. படுக்கைகள் மாடியில் இருக்கட்டும், கீழே ஆஸ்பத்திரியைத் திறக்க வேண்டும். புண்ணுள்ள காலோடு மாடி ஏற முடியாது. புண் யாருடையது, எந்தக் கால், எத்தனை வருடம் என்றும் எழுதியிருந்தார். கணவர் படித்துவிட்டு, "என் காலை ஊருக்கே காட்டிட்டியே" என்றார். அவரே குரலைத் தாழ்த்தி, "வலது கால்னு கொஞ்சம் பெருசா எழுது" என்றும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் வரியைப் பெஞ்சில் வாங்கினார். முழுவதையும் படித்துக் காட்டி, பெயரும் கையெழுத்தும் ஆனதும், மூன்றாவது கட்டத்தில் தானே விரலை வைத்தார். மை ஒட்டிக்கொண்டது.

"எழுதுங்கண்ணே. சின்னாஸ்பத்திரி, மாடி."

"அது இன்னும் வரலியேம்மா."

"வராம விட்டுடுவேனா?"

அட்டைக்காரர் எழுதினார். 'மாடி' கட்டத்தை விட்டு வெளியே நீண்டது. அக்கா மனுவை அப்படியே அட்டையில் செருகிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மேனேஜர் சார் வீட்டுக்குப் போனார். பேனா மூடியால் ஒரே ஒரு அழுத்து. உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்தது. சன்னல் திரை ஒரு விரல் அளவு விலகி, மறுபடி சேர்ந்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. தாழ்ப்பாள் அசையவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், அக்கா அடுத்த வீட்டுக்குத் திரும்புவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். பேனா மூடியை மறுபடியும் மணியின்மேல் வைத்து அழுத்தி, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையிலிருந்த மனுவை மூடிய கதவுக்கு முதல் வரியிலிருந்து படித்துக் காட்ட ஆரம்பித்தார்.