டோக்கியோவில் வெட்டிய பத்தில் ஒரு பங்கு

மலைநாட்டில் ஹாலிஎலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைப் பொதியிடும் கம்பனியை ஜப்பான்காரர்கள் வாங்கியபோது, ஊரிலேயே அதிகம் அலட்டியவன் கணக்காளனாகிய நான்தான். மீன் வாங்கப் போனாலும் "நம்ம டோக்கியோ ஆபீஸ்ல" என்றுதான் ஆரம்பிப்பேன். அங்கிருந்து முதல் வருடக் கணக்கு வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஒரு கம்பனியை வாங்கும்போது, சொத்தின் பெறுமதிக்கு மேலே அதன் பெயருக்கும் வாடிக்கையாளர்களுக்குமாகக் கொடுக்கும் விலையை நன்மதிப்பு என்போம். நான் படித்த சர்வதேச முறையில் வருடாவருடம் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். வியாபாரம் நொடித்திருந்தால்தான் வெட்டுவார்கள். ஜப்பான்காரர்களோ எங்கள் நன்மதிப்பில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடமே வெட்டியிருந்தார்கள்.

கம்பனியை மூடப்போகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதனால் என் வீரத்துக்கு ஏற்றதைச் செய்தேன். மேசையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கடத்தினேன். பிளாஸ்க், ஸ்வெட்டர், கடைசியில் முருகன் படம்.

"சாமியையே கூட்டிட்டு வந்துட்டீங்க. அங்க இனி யாருங்க காவல்?" என்றாள் மனைவி.

மறுநாள் பொதியிடும் பகுதியின் மேற்பார்வையாளர் வந்து நின்றார். பக்கத்துத் தோட்டத்துப் பெண். அவர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

"சார், பண்டாரவளை கார்மெண்ட்ஸ்ல கூப்பிடுறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். சம்பளம் கம்மிதான். போயிடவா?"

"ஏம்மா, இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லீங்க. நீங்க சாமி படத்த எடுத்துட்டுப் போயிட்டீங்களே. பொம்பளைங்க எல்லாம் அதத்தான் பேசிக்கிறாங்க."

என் பயம் இன்னொருத்தியின் சோற்றில் கைவைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றே தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவை வீடியோவில் பிடித்தேன். எங்களை மூடப்போகிறீர்களா என்று நேராகக் கேட்டேன். திரையில் இருந்த அம்மையார் திகைத்துப்போனார்.

"மூடுவதா? எங்கள் விதிப்படி, வியாபாரம் நன்றாக நடந்தாலும் வருடாவருடம் ஒரு பங்கைக் குறைத்தே ஆகவேண்டும். இருபது வருடத்துக்குள் முழுவதும் கழிந்துவிட வேண்டும். நீங்கள் குறைக்காமலே வைத்திருப்பீர்களா? ஒருநாள் மொத்தமாக விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

அவர் குரலில் நிஜமான கவலை. அவர்கள் கணக்கைப் பார்த்து நான் பயந்தது போலவே, எங்கள் கணக்கை நினைத்து அவரும் பயந்தார்.

"எங்களுக்கு ஏன் பத்தில் ஒரு பங்கு?"

"வாங்கியதன் பலன் எத்தனை வருடம் நீடிக்கும் என்று கணிக்கிறோமோ, அத்தனையாகப் பிரிப்போம். உங்களுக்குப் பத்து வருடம்."

மூடுவிழா என்று நான் வாசித்த வரியில் அவர்கள் பத்து வருடத்தை எழுதி வைத்திருந்தார்கள்.

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். "மூடுற எண்ணமே அவங்களுக்கு இல்லையாம். பத்து வருஷம்ங்கிறது சத்தியம் இல்ல, கணிப்புதான். ஆனா நம்மள நம்பித்தான் போட்டிருக்காங்க."

"அப்ப நீங்களா பயந்து எங்களையும் பயங்காட்டினீங்களா?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து, "நான் வரலீங்க" என்று பண்டாரவளைக்குச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பத்து வருஷம்னா, பாக்கெட் ஒட்டுற அந்தப் பழைய மெஷின மாத்தித் தரச் சொல்லுங்க சார். வாயத் திறந்து கேட்டாத்தானே தருவாங்க."

சாயங்காலமே டோக்கியோவுக்கு எழுதினேன். ஒரு மெஷினுக்கு இரண்டாகவே கேட்டிருந்தேன்.