பரீதிக்காவின் ஆப்பிரிக்கர்

பரீதிக்காவின் கைகள் கோணி ஊசியால் அரிசி மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தன. அவர் தொடையிலிருந்த கட்டை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் தலைச்சுமை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்கு அவர் தலைவர்; முஸ்லிம் பெரியவர், அதனால் எல்லாருக்கும் ‘இக்கா’. நான் அந்தத் தெருவின் நர்ஸ்.

அவரைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். உலக யுத்தத்தில், பர்மாவின் கலடான் ஆற்றோரக் காட்டில், தொடையில் குண்டுச்சில் பாய்ந்த அதே நாளில், அடிபட்ட ஒரு நைஜீரியச் சிப்பாயைத் தலையில் சுமந்து ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் சேர்த்தவர் அவர். ஆப்பிரிக்காவில் அமைதி காக்க நம் பட்டாளம் காங்கோவுக்குப் போன வருஷம் சாயாக்கடையில் அந்தக் கதை மறுபடி சூடேறியது. அதிகம் பரப்பியவள் நான்தான். பயிற்சி பெற்ற நர்ஸ் சொன்னால் யார் மறுப்பார்கள்?

அன்று மாலை பழைய காயம் சீழ் கட்டி, சிவப்புக் கோடு இடுப்பு நோக்கி ஏறியிருந்தது.

“காலையில முதல் போட்டுல எர்ணாகுளம் போகணும். கத்தி வைக்காட்டி கால் போயிடும். போட் ஜெட்டி வரைக்கும் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வருவாங்க.”

“நடந்து வரேன் சிஸ்டரே.”

“நடக்கக் கூடாது.”

“அப்ப வரல்ல.” ஊசி நிற்கவில்லை.

பக்கத்தில் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்த சுமட்டுக்காரன் முப்பிடாதி சிரித்தான். “ஒரு சாக்கு கனம்கூட வரமாட்டீங்க இக்கா.”

எனக்குக் கோபம் வந்தது. “அந்த நைஜீரியாக்காரனை நீங்க சுமக்கலையா? அவன் மாட்டேன்னா சொன்னான்?”

ஊசி நின்றது.

“சுமந்ததே அவன்தானே சிஸ்டரே.”

முப்பிடாதி உதறுவதை நிறுத்தினான்.

“கோவேறு கழுதை போகாத காடு. குண்டுப்பெட்டி, அரிசி எல்லாம் அந்த நைஜீரியாக்காரங்க தலையில. நான் சமையல்காரன். எனக்கு அடிபட்டதும் அவன் தன் பெட்டியை இன்னொருத்தன் தலைக்கு மாத்திட்டு என்னைத் தூக்கிட்டான். தொழுகைக்கு மட்டும் இறக்குவான். அவனும் நம்ம ஆளு. எங்க என்னையும் தொழக் கூப்பிட்டுருவானோன்னு கண்ணை மூடி முனகிக்கிட்டுக் கிடப்பேன்.”

“பின்னே ஏன் மாத்திச் சொன்னீங்க?” என்றேன்.

“சுமட்டு வேலை கேட்டு வந்தவன், நான் சுமையாப் போயிருக்கேன்னு சொன்னா எவன் வேலை தருவான்?”

நான் தொடையைப் பார்த்தேன். எலும்பைத் தொட்ட காயம். வருஷக்கணக்காக அதற்குக் கட்டுப் போட்டவள் நான். அதோடு ஒருவர் இன்னொருவரைச் சுமந்து நடக்க முடியுமா என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. உடற்கூறு பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்னுடையது.

“நாளைக்கு ஒரு நேரம் சுமையாப் போறீங்களா, காலை இழந்து ஆயுசு முழுக்கச் சுமையாக் கிடக்கிறீங்களா?”

அவர் சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். “தோள்ல வைக்கக் கூடாது. செத்தவன் மையத்தைத்தான் தோள்ல கொண்டுபோவாங்க. தலையில வைக்கட்டும்.”

“அவன் பேரு என்ன இக்கா?” என்றான் முப்பிடாதி.

“கேக்கல்ல. முனகுறதுலயே இருந்துட்டேன்.”

மறுநாள் காலை நால்வர் சும்மாடு வைத்துக் கயிற்றுக் கட்டிலைத் தலைக்கு ஏற்றினார்கள். முப்பிடாதி குள்ளம், அவன் பக்கம் சரிந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த என் ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டி அவன் சும்மாட்டின் மேல் வைத்தேன். கட்டில் சமமானது. பிறகு மாட்டுவண்டிகளை விலகச் சொல்லி முன்னால் நடந்தேன்; மேலிருந்து பரீதிக்கா என்னைவிடச் சத்தமாக வழி விடச் சொல்லிக் கூவினார்.