ஜப்பான் மண்தட்டு

என்னை ஆத்திரக்காரி என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். இந்தத் தட்டு விஷயத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிவிடும்.

ரங்கூனில், தாமுவேயில், மாடியில் குடியிருந்தோம். நான், ரயில்வே குமாஸ்தாவான என் கணவர், விதவையான அவர் அக்காள் என்று மூன்று பேர். கீழே ஒரு ஜப்பான்காரப் பல் வைத்தியர் இருந்தார். அவர் மனைவிக்குக் கிட்டத்தட்ட என் வயது. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு ஜப்பான் பாஷை வராது. இரண்டு பேரும் அரைகுறை பர்மியத்தில் பேசி, மிச்சத்தைக் கையால் காட்டி ஒப்பேற்றினோம்.

ஒரு நாள், ஊரில் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. கப்பலேறுவதற்கு முந்தின நாள் ஒரு குழித்தட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கருகிய வெல்லத்தின் நிறம். பூச்சு இல்லை, பூவேலை இல்லை. ஓரத்தில் அடுப்புச் சாம்பல் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பூந்தொட்டிக்கு அடியில் வைப்பதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா இதில்தான் சாப்பிட்டாள். கல்யாணமானபோது எனக்குக் கொடுத்தாள். இரண்டு இருந்தன. வரும்போது கப்பலில் ஒன்று உடைந்துவிட்டது. இதை மறுபடி கப்பலில் ஏற்றப் பயமாக இருக்கிறது" என்றாள்.

விறகுத் தீயில் பத்து நாளுக்கு மேல் வேகிற மண்ணாம். சோறு போடுமுன் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டுமாம். அவள் கணவர் வெள்ளைக்காரப் பீங்கானைத் தவிர எதிலும் சாப்பிட மாட்டார். "நான் வரும்வரை நீ தினமும் இதில் சாப்பிடு. சும்மா வைத்தால் மங்கிவிடும். கை பட்டுப் பட்டுத்தான் அழகாகும்" என்றாள். நானும் பெரிய மனுஷி மாதிரி சரி என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தை ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? வெண்கலமும் பித்தளையும் புளி போட்டுத் தேய்த்தால் சுத்தம். பீங்கானைக் கழுவினால் சுத்தம். மண்ணில் ஒரு தடவை எச்சில் பட்டால் பட்டதுதான், வெளியே எறிய வேண்டும். முதல் நாளே நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணுல தின்னுட்டு, கழுவி மறுபடியும் அதுலயே திம்பியா? எந்த ஊரு வழக்கம்டி இது?"

"இது சட்டி மாதிரி இல்லை அண்ணி. தட்டிப் பாருங்க, வெண்கலம் மாதிரி சத்தம் வருது. பீங்கான் ஜாதி."

"பீங்கான்னா பளபளப்பு எங்க?"

ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தோம். என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கடைசியில், தட்டு சமையலறைக்குள் வரக்கூடாது, நான் நடையில் தனியாக உட்கார்ந்து தின்றுகொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. அப்படியே தின்றேன். மாதங்கள் போகப் போகத் தட்டின் சொரசொரப்பு குறைந்தது. அதைத் தடவிப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், கணவரின் பங்காளிச் சித்தப்பா ஒருவர் தவறிப்போனார். தீட்டு வந்துவிட்டது. தீட்டு வந்தால் வீட்டிலுள்ள மண்பாண்டமெல்லாம் வெளியே போக வேண்டும். சட்டி பானைகளை நாத்தனார் பின்சந்தில் போட்டு உடைத்தாள். தட்டை நான் துணிப்பெட்டிக்குள் புதைத்துவிட்டு, பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குத் தெரியும். முறைத்துவிட்டுப் போய்விட்டாள். க்யிம்யிண்டைங் படகுத்துறையிலிருந்து புதுச்சட்டிகள் வந்தன. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஊரிலிருந்து என் அண்ணன் கடிதம் எழுதியிருந்தான். எங்கள் அம்மா இறந்துவிட்டாள். விலாசம் தப்பாகி, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடிதம் என் கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்து வெகுநாளாகியிருந்தது. ஒரு கொள்ளி பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை.

நாத்தனார் என் தோளைத் தொட்டாள். "நாள் கடந்து வந்த சேதிம்மா. தலை முழுகிட்டு வா, போதும். சட்டி பானை ஒண்ணும் எடுக்க வேணாம். உன் தட்டும் இருக்கட்டும்."

வழக்கம் அதுதான். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்தப் 'போதும்' என் நெஞ்சில் நெருப்பாக விழுந்தது. நான் முகம்கூடப் பார்க்காத டாலாச் சித்தப்பாவுக்கு வீட்டுச் சட்டியெல்லாம் போகும், என்னைப் பெற்றவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீரா? தலை முழுகி ஈரப்புடவையோடு வந்தேன். குழம்புச்சட்டி, சோற்றுப்பானை, தண்ணீர்ப்பானை எல்லாவற்றையும் பின்பக்கத்து ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக எறிந்தேன். எல்லாம் தீர்ந்தும் ஆத்திரம் தீரவில்லை. தட்டையும் எடுத்து எறிந்தேன்.

அது உடையவில்லை. கல்லில் விழுந்து கணீரென்றது, ஓட்டாஞ்சில்லுகளுக்கு நடுவே முழுசாகக் கிடந்தது.

"அடுத்தவ பொருள்டி. ஓடிப்போய் எடுத்துட்டு வா!" என்று கத்தியது யார் தெரியுமா? நாத்தனார்தான்.

"தீட்டுன்னு போட்டதை உள்ளே கொண்டுவரச் சொல்றீங்களா?" என்றேன். என்னை யாராலும் அசைக்க முடியவில்லை. மறுநாள் காலை முனிசிபல் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. வண்டி போன பிறகு படியிறங்கி ஓடினேன்.

ஜப்பான்காரி திரும்பி வந்தபோது இளைத்திருந்தாள். அவள் அம்மா பிழைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத் தட்டு எங்கே என்று மாடிப்படியைப் பார்த்தாள். ஒன்றையும் மறைக்காமல், எனக்குத் தெரிந்த பர்மியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் அம்மாவுக்காக அவள் அம்மாவின் தட்டை எறிந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

தன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டாள். பிறகு, "அதில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டாள்.

"சோறு. மீன் குழம்பு. தயிர். வெள்ளிக்கிழமை பாயசம்."

"தினமுமா?"

"தினமும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். "கெய்ச்ச மஷிபூ" என்றாள். பரவாயில்லை என்பதற்குப் பர்மாக்காரர்கள் சொல்கிற வார்த்தை.

எனக்குத் தாங்கவில்லை. "திட்டித் தொலையேன்டி!" என்று கத்திவிட்டேன். தமிழில் கத்தியதால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.