ஜீப்புக்குள் இருந்த நாலு சென்ட்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது மவுஸ்தான். சாந்தன்பாறை ரோட்டில் ஒரு பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவே ஒற்றை அறை, அதில் ஒற்றைக் கம்ப்யூட்டர். பதினைந்து வருஷமாக ஏலத்தோட்டத்து ஜனங்களுக்கு அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்ததால் இன்றைக்கும் எல்லாருக்கும் நான் டீச்சர். இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒன்பது மவுஸ் மாற்றியாகிவிட்டது. அதில் பாதிச் சாவுக்காவது ஆன்டிவைரஸ்தான் பொறுப்பு.

பின்னே என்ன? ஒருத்தருக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்த்துக்கொண்டிருப்பேன். கடைசிப் பக்கம் வந்திருக்கும், வெளியே ஆறு பேர் குடையோடு நிற்பார்கள், கரண்ட் போகப் போகிற மாதிரி பல்பு சிமிட்டும். சரியாக அந்த நேரம் பார்த்து வலது மூலையிலிருந்து சிவப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும். "ஆமா, என் கையாலதான் ஆபத்து, போ அங்கிட்டு" என்று வாய்விட்டே திட்டுவேன். வெளியே நிற்கிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து ரெண்டடி பின்னால் போவார்கள்.

அந்த ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தவர் அடிமாலியிலிருந்து வருகிற மெக்கானிக். மலையாளி, என்னைவிட ரெண்டு வயசு இளையவர், சேச்சி என்று கூப்பிடுவார். வருஷா வருஷம் மழை தொடங்கும் முன் வந்து பெட்டியைத் திறந்து பிரஷ் போட்டுத் தூசி தட்டுவார். ஒருமுறை உள்ளே பல்லி முட்டையும் ஏலக்காய்த் தொலியும் கிடந்தன. எங்கள் ஊர் மழைக்கு எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், மேஜைக்கு அடியில் ஒரு அறுபது வாட்ஸ் குண்டு பல்பை எரியவிட்டுப் பெட்டிக்குச் சூடு காட்டவும் அவர்தான் பழக்கினார். கூடவே குப்பை அள்ளுகிற சாஃப்ட்வேர் ஒன்றையும் ஏற்றிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தோறும் அதை ஓட்டுவேன். ஆயிரத்து சொச்சம் பிழைகள் இருக்கின்றன என்று அது பயமுறுத்தும், எல்லாவற்றையும் அழி என்பேன், அழித்துவிட்டு பச்சை டிக் காட்டும். அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தால் வீடு கூட்டி மெழுகின மாதிரி எனக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியில் கொஞ்சம் திமிரும் இருந்தது, மறைக்க மாட்டேன். அடுத்தவர் காகிதம் என் பெட்டியில் தங்கக் கூடாது என்பது என் கொள்கை. ஸ்கேன் செய்வேன், அவரவர் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன், வெள்ளிக்கிழமை வந்தால் என்னிடம் இருப்பதைத் துடைத்துவிடுவேன். "எங்கிட்ட ஒரு தாளு தங்காது, பயப்படாதீங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அப்படித் துடைத்துப் போட்டதில் ஒரு அக்காவின் வீட்டுத் தாள்களும் உண்டு.

அந்த அக்கா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். ரோட்டு வளைவு தாண்டி மேட்டில் நாலு சென்ட் இடத்தில் வீடு. அவருடைய அப்பா போடிப் பக்கமிருந்து மலையேறி வந்து, காட்டுக்கல் அடுக்கிக் கட்டியது. அக்கா பிறந்ததும், கல்யாணம் ஆனதும், அவர் தம்பி ஜீப் ஓட்டப் பழகினதும் எல்லாம் அங்கேதான். ஆனால் இந்த இடம் உங்களுடையது என்று அரசாங்கம் எழுதித் தருகிற பட்டயம் மட்டும் வரவில்லை. மனுப் போட்டுப் போட்டு அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா பேரில் பழைய வீட்டு வரி ரசீது, கரண்ட் கொடுத்தபோது வந்த கடிதம், மஞ்சளேறின ரேஷன் கார்டு, இவருடைய பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று கையில் இருந்ததை எல்லாம் நாலு வருஷத்துக்கு முன் என்னிடம் கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தார். அடுத்த மழையில் மேட்டு மண் சரிந்து அடுப்படிச் சுவர் விழுந்தது. தாள்கள் இருந்த டிரங்குப் பெட்டி சேறாகிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாள்கள் மட்டும் கூழாகிப் போயின. அதற்கப்புறம் அந்த நாலு சென்ட்டுக்குச் சாட்சி ஒரு பென் டிரைவ்தான்.

அதை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? தம்பியின் ஜீப்பில், பாட்டு கேட்கிற செட்டில் சொருகி! வெளியூர்க்காரர் சிரிப்பார். எங்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது. ஆடி மாதம் எங்கள் வீடுகளில் தீப்பெட்டி நமத்துவிடும், பீரோவில் மடித்து வைத்த சேலை பச்சை பூத்துவிடும். ஈரம் எட்டாத இடம் என்று பார்த்தால் காய் உலர்த்துகிற ஸ்டோர், அதை விட்டால் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிற ஜீப்பின் முன்பக்கம். ஸ்டோர் முதலாளியுடையது, ஜீப் தம்பியுடையது. அதனால் வீட்டுத் தாள்கள் ஜீப்பில் கதகதப்பாக, பாட்டுகளோடு பாட்டுகளாகத் தினமும் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜீப் வந்து நின்றது. அக்கா காட்டு வேலைச் சட்டையோடு, தலையில் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காணியோடு இறங்கி ஓடிவந்தார். விரலெல்லாம் காய்க் கறை. பின்னால் தம்பி.

"டீச்சர், நாளைக்குக் காலையில தாலுகா ஆபீஸ்ல விசாரணையாம். இத்தனை வருசமா அங்கதான் இருக்கோம்னு காட்டணுமாம். அந்தத் தாளுகளைக் கொஞ்சம் அடிச்சுக் குடுங்க."

"இப்பத்தான் சொல்றாய்ங்களா?"

"கடுதாசி போன வாரமே வந்துருச்சு டீச்சர். இவன்தான் ஜீப்புல வச்சுட்டு மறந்துட்டான்."

தம்பி தலையைச் சொறிந்தான். நான் பென் டிரைவை வாங்கிச் சொருகினேன். சொருகின மறுவிநாடி ஆன்டிவைரஸ் அலறியது. எப்போதும்போலத் திட்ட வாயெடுத்தவள் திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். உள்ளே இருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் மேலும் சின்னதாக ஒரு அம்புக்குறி. திறந்தால் திறக்கவில்லை. இத்தனை வருஷம் சும்மா சும்மா கத்தின அந்தச் சனியன் அன்றைக்கு உள்ளதைத்தான் சொன்னது.

"ஏம்ப்பா, இதுல எங்கேருந்து பாட்டு ஏத்துன?"

"கீழ ஒரு கடையில ஏத்துனேன் டீச்சர். அப்புறம் நம்ம ஜீப்புக்காரய்ங்க எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம்."

"நல்லா இருக்குய்யா! ஒரே டம்ளர்ல ஊரே டீ குடிச்ச கதையா இருக்கு. வீட்டுத் தாளும் அதுக்குள்ளதான, ஒரு புத்தி வேணாம்?"

அவனைத் திட்டிக்கொண்டே வைரஸை நீக்கு என்ற பொத்தானை அமுக்கினேன். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று வந்தது. பென் டிரைவைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. பாட்டு இல்லை, தாள் இல்லை. வெள்ளை.

"என்ன டீச்சர், வெள்ளையா இருக்கு?" என்றார் அக்கா.

"காலியாயிருச்சுக்கா" என்றேன். என் பெட்டியில் நகல் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். இருக்காது என்று எனக்குத்தான் தெரியுமே. மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமைகள் அதைத் துடைத்துவிட்டன. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், எல்லைக்கு வெளியே என்றது. மழை நேரத்தில் எங்கள் மலையில் பாதிப் பேர் எல்லைக்கு வெளியேதான்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை, கத்தவும் இல்லை. "அப்பா பேரு இருந்தது அந்த வரி ரசீதுலதான். நாளைக்கு நான் என்னத்தைக் காட்டுறது?" என்று மட்டும் கேட்டார். அதை என்னிடம் கேட்டாரா, தம்பியிடம் கேட்டாரா தெரியாது. அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எனக்கு வேதனை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். போனது போகட்டும், இந்தப் பீடை இன்னொரு ஜீப்புக்குப் பரவ வேண்டாம், அடியோடு துடைத்துத் தொலைக்கிறேன் என்று தோன்றியது. டிரைவ்கள் வரிசையாக இருக்கிற பக்கத்துக்குப் போனேன். அக்காவின் பென் டிரைவ் மேல் வலது பொத்தானை அமுக்கி ஃபார்மேட் என்றேன். உள்ளே உள்ள எல்லாம் அழியும், சரிதானா என்று கேட்டது. மவுஸை இறுகப் பிடித்தேன்.

"டீச்சர், கொஞ்சம் நில்லுங்க."

அக்கா எழுந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். கறைபட்ட விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அந்த டிரைவின் படத்துக்குக் கீழே இருந்த நீலப் பட்டையைக் காட்டினார்.

"இது என்னா?"

"அது எவ்வளவு நெறைஞ்சிருக்குன்னு காட்டுறது."

"காலின்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் நீலம் முக்காவாசி நிக்குது? மூட்டையில காய் இல்லைன்னா மூட்டை தொய்ஞ்சுல்ல கிடக்கணும்?"

ஆத்தாடி! நான் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பதினைந்து வருஷமாகத் தினம் முந்நூறு தடவை அந்தப் பட்டையைப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத மனுஷி, காயைக் கண்ணாலேயே தரம் பிரித்துப் பழகினவர், நேராக அதைப் பார்த்துவிட்டார். தவறிப்போய்ச் சரி என்ற பொத்தானை அமுக்கிவிடக் கூடாதே என்று, ரெண்டு கையாலும் மவுஸைப் பிடித்து வேண்டாம் என்பதை அமுக்கினேன்.

மெக்கானிக்கை விடாமல் கூப்பிட்டோம். தம்பி மழையில் ரோட்டின் மேட்டில் நின்று அவன் போனிலிருந்தும் கூப்பிட்டான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ எனக்கு லைன் கிடைத்தது.

"சேச்சி, ஃபார்மேட் கொடுத்தோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல, கொடுக்கப் போயி நிறுத்திட்டேன்."

"தைவம் காத்து! இனி ஒண்ணும் தொடண்ட, அப்படியே விடுங்க. ஞான் பறையுறது மட்டும் தட்டுங்க."

அந்த வைரஸ் நிஜ ஃபோல்டர்களை ஒளித்து வைத்துவிட்டு, அதே பேரில் பொய் ஃபோல்டர்களை முன்னால் நிறுத்துமாம். ஆன்டிவைரஸ் பொய்யை மட்டும்தான் வெளியே தள்ளியிருக்கிறது. நிஜம் ஒளித்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி ஒரு வரி சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி எங்கே, கோடு எங்கே என்று மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பென் டிரைவைத் திறந்தால் முதலில் பாட்டுகள் வந்து நின்றன. அவற்றுக்கு நடுவே நான் போட்ட பேரில் ஒரு ஃபோல்டர்: வீடு.

ரசீதைத் திறந்தேன். மங்கின நீல மையில் அவர்களுடைய அப்பா பேர். அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். தம்பி மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் குந்தி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க, "எந்திரிப்பா, என் மிதியடி நனையுது" என்று அவனை அதட்டினேன். ரெண்டு பிரதி அடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். என் வாயால் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதும் அன்றைக்குத்தான். "விடுங்க டீச்சர், நீங்களா ஒளிச்சு வச்சீங்க?" என்றார்.

மறுநாள் விசாரணையில் தாள்களை வாங்கிப் பார்த்தார்கள், இடத்தை வந்து அளந்தார்கள், அப்புறம் பல மாதம் ஒரு பேச்சும் இல்லை. இந்த வருஷம் மழைக்கு முன்னால் அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, மஞ்சள் துணியைப் பிரித்து என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். பட்டயம். நாலு சென்ட்டும் அவர் பேரில். நான் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டேன்.

ஸ்கேன் எடுத்து, மறுபடியும் 'வீடு' என்றே பேர் வைத்து, புதுப் பென் டிரைவ் ஒன்றில் போட்டேன். இது ஜீப்புக்குப் போகாது, பாட்டும் ஏறாது என்று தம்பி சத்தியம் செய்தான். பிறகு பழக்க தோஷத்தில் என் பெட்டியில் இருந்த நகலை அழிக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் டீச்சர். எங்க வீடு ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கட்டும்."

ஆன்டிவைரஸுக்கு லைசென்ஸ் முடிகிற நாளுக்கு முன்பே புதுப்பித்துவிட்டேன். அது கத்தினால் இப்போதெல்லாம் முதலில் என்னவென்று பார்க்கிறேன், அப்புறம்தான் திட்டுகிறேன். அடிமாலிக்காரருக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய், முதல் தரம், அக்கா தன் கையால் பொறுக்கினது, போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை குப்பை அள்ளுகிற சாஃப்ட்வேரையும் ஓட்டத்தான் செய்கிறேன். வெகுநாளாகத் திறக்காத கோப்பு என்று அது ஒவ்வொரு வாரமும் வரிசையின் உச்சியில் 'வீடு' என்பதைக் காட்டி, அழிக்கட்டுமா என்று கேட்கிறது. நான் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் டிக்கை எடுத்துவிடுகிறேன்.